ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு குடித்தனம்



நம்ம கம்ப்யூட்டர் லேப் கதவுல ஒரு அட்டை ஒட்டியிருக்கு, எல்லாரும் பார்த்திருப்பீங்க. "பென் டிரைவ் போடுபவர்கள் லினக்ஸில் மட்டும் போடவும். லினக்ஸில் வைரஸ் வராது." பச்சை ஸ்கெட்ச் பென்னில் எழுதி, அடியில் ரெண்டு கோடும் போட்டிருக்கும். அதை எழுதியவன் நான்தான். அது தப்பு என்று சொல்லத்தான் இந்த மாதம் சுவர் இதழில் இடம் கேட்டு வாங்கினேன்.

போன வருஷம் லேபில் இருந்த மெஷின் எல்லாவற்றிலும் விண்டோஸோடு உபுண்டு லினக்ஸையும் ஏற்றினோம். சாரும் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்து செய்தோம். ஸ்விட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். மேலே உபுண்டு, கீழே விண்டோஸ். எது வேணுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்குப் பேர்தான் டூயல் பூட். இது ஒன்றும் புது விஷயம் இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் கிடைத்த லேப்டாப்களிலேயே விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. போஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம்ம நாட்டு லினக்ஸ். அந்த லேப்டாப் வைத்திருந்த என் மாமா பையனைக் கேட்டால், "லினக்ஸா? அதை ஒரே ஒரு தடவை தெரியாம திறந்துட்டேன்டா" என்பான். அது வேற கதை.

எனக்கு லினக்ஸ் ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்ததோடு நிறுத்தாமல் பீற்றிக்கொள்ளவும் ஆரம்பித்தேன். "விண்டோஸ்லதான் வைரஸ் வரும், இதுல வரவே வராது" என்று ஊரெல்லாம் சொன்னேன். அட்டையும் எழுதினேன். லேபில் இருந்த ஆன்டிவைரஸுக்கு வருஷ சந்தா முடிந்தபோது, "அதான் லினக்ஸ் இருக்கே சார்" என்று முதலில் சொன்னவனும் நான்தான்.

நடந்தது இதுதான். பிளஸ் டூ அக்கா ஒருத்தர் கல்லூரி விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்த சான்றிதழ்களை பென் டிரைவில் கொண்டுவந்தார். வெளியே ஒரு கடையில் ஸ்கேன் பண்ணியது. பிரின்ட் எடுக்க வேண்டும். அட்டையில் எழுதியபடி நான் உபுண்டுவில்தான் போட்டேன். உள்ளே சான்றிதழ் ஃபோல்டரோடு, அதே பேரில் ஒரு ஷார்ட்கட்டும், வாயில் நுழையாத பேரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஃபைலும் இருந்தன. விண்டோஸில் ஒளிந்திருக்கும் ஃபைல்கள் லினக்ஸில் பளிச்சென்று தெரியும். அவை எனக்குத் தெரிந்தன, சிரித்தேன். "பார்த்தியா அக்கா, வைரஸ்! நம்ம லினக்ஸ்ல இது ஒண்ணும் பண்ணாது" என்று பெருமையாகச் சொன்னேன். உண்மையாகவே அது அங்கே ஒன்றும் பண்ணவில்லை.

ஆனால் நம்ம பிரின்டர் விண்டோஸில்தான் வேலை செய்யும். அதனால் பென் டிரைவில் இருந்த எல்லாவற்றையும் ஒரேயடியாக அள்ளி டி டிரைவில் போட்டேன். டி டிரைவ் ரெண்டு பக்கத்துக்கும் பொது. லினக்ஸிலிருந்தும் எழுதலாம், விண்டோஸிலிருந்தும் திறக்கலாம். அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த பீரியட் வந்தவர்கள் விண்டோஸில் திறந்தார்கள். ஃபோல்டர் மாதிரியே தெரிந்த அந்த ஷார்ட்கட்டை யாரோ டபுள் கிளிக் செய்தார்கள். யார் என்று நான் தேடவில்லை. கிளிக் செய்தவர் மேல் தப்பு இல்லை, அதை அங்கே கொண்டுபோய் வைத்தது என் கை.

அதற்குப் பிறகு அந்த மெஷினில் போட்ட ஒவ்வொரு பென் டிரைவிலும் ஃபோல்டர்கள் மறைந்து ஷார்ட்கட் மட்டும் நின்றது. பயாலஜி டீச்சருடைய பென் டிரைவும் அதில் ஒன்று. இந்த ரக வைரஸ் ஃபைல்களை அழிப்பதில்லை, ஒளித்து மட்டும்தான் வைக்கும். டீச்சருக்கு அது தெரியாது. வீட்டில் போய்த் திறந்து பார்த்திருக்கிறார், எதுவும் திறக்கவில்லை. "ஃபார்மேட் பண்ணினா சரியாயிடும்" என்று யாரோ சொல்ல, பண்ணிவிட்டார். மூன்று வருஷமாக அவர் சேர்த்த பாட ஸ்லைடுகள் அதில்தான் இருந்தன. வேறு காப்பி இல்லை. மறுநாள் டீச்சர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதில் லினக்ஸுக்கு வைரஸ் பிடித்ததா? இல்லை. ஆனால் வைரஸைச் சுமந்துபோய் அடுத்த வீட்டில் இறக்கிவிட்டது லினக்ஸில் உட்கார்ந்திருந்த நான்தான். அம்மை வந்த வீட்டுக்குப் போய்வந்தவர் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சின மாதிரிதான்.

"சரிடா, பொது டிரைவ் இல்லாமல் செய்துவிட்டால்? அது அது தன் இடத்தில் இருக்குமே?" என்று வகுப்பில் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லினக்ஸில் ஒரு ஃபைலைத் தொட உரிமை வேண்டும், முக்கியமான இடத்தில் கை வைக்க பாஸ்வேர்டு கேட்கும். விண்டோஸிலும் அப்படியே. ஆனால் இந்தக் காவல் எல்லாம் அந்தந்த இயக்க அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதுவே நடத்தும் காவல். விண்டோஸ் ஓடும்போது லினக்ஸ் தூங்கவில்லை, அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஹார்ட் டிஸ்கில் ஓரமாகக் கிடக்கும் வெறும் எழுத்துகள், அவ்வளவுதான்.

இதை சாருக்கு நேரிலேயே செய்து காட்டினேன். அவருடைய விண்டோஸ் கணக்குக்குப் பாஸ்வேர்டு உண்டு, எனக்குத் தெரியாது. மெஷினை உபுண்டுவில் திறந்தேன், விண்டோஸ் பகுதியைக் கிளிக் செய்தேன். சாருடைய டெஸ்க்டாப் அப்படியே வந்து நின்றது. அதில் "காலாண்டு" என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. (திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. சார் பக்கத்திலேயே நின்றார்.) பாஸ்வேர்டை நான் உடைக்கவில்லை. அதைக் கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. எனக்குத் திறந்தது என்றால் லினக்ஸ் பக்கம் ஓடும் ஒரு கெட்ட மென்பொருளுக்கும் திறக்கும். பிட்லாக்கர் போன்ற மறைகுறியாக்கம் செய்திருந்தால் மட்டும்தான் படிக்க முடியாது. நம்ம லேபில் அது இல்லை.

எதிர்ப்பக்கம் எப்படி? விண்டோஸ் தானாக லினக்ஸின் எக்ஸ்ட்4 பகுதியைத் திறந்து காட்டாது. அதனால் பலரும் அதைச் சுவர் என்று நினைக்கிறார்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கிடைத்துவிட்ட வைரஸுக்கு ஃபைல், ஃபோல்டர் எல்லாம் புரிய வேண்டிய அவசியமே இல்லை. நேராக டிஸ்கின் மேலேயே எழுதலாம். படிக்கத் தெரியாதவனுக்கும் புத்தகத்தைக் கிழிக்கத் தெரியும் இல்லையா?

இது கற்பனை இல்லை. 1998-ல் தைவானில் ஒரு மாணவர் எழுதிய சிஐஎச் என்ற வைரஸ், செர்னோபில் வைரஸ் என்றும் சொல்வார்கள், விண்டோஸ் 95, 98 மெஷின்களில் பரவியது. 1999 ஏப்ரல் 26 அன்று அது விழித்துக்கொண்டு ஹார்ட் டிஸ்கின் முதல் 1 எம்பி இடத்தின் மேல் குப்பையை எழுதியது. அந்த முதல் இடத்தில்தான் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற பார்டிஷன் அட்டவணை இருக்கும். வந்தது விண்டோஸ் வைரஸ், ஆனால் அந்த அட்டவணை போனால் பக்கத்தில் இருக்கும் எந்த அமைப்பும் கிளம்பாது. சில மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பையே அழித்தது. அப்படி ஆனால் திரையில் எழுத்துகூட வராது.

இன்னொன்று நாட்பெட்யா. 2017 ஜூன் 27-ல் உக்ரைனில் வரிக் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகக் கிளம்பி உலகம் முழுக்கப் போனது. நம்ம நாட்டில் மும்பைக்குப் பக்கத்தில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்திலும் வேலை நின்றது. அது செய்த வேலைகளில் ஒன்று, பழைய முறை மெஷின்களில் டிஸ்கின் முதல் செக்டாரில் இருக்கும் பூட் நிரலை எடுத்துவிட்டு தன்னுடையதை வைப்பது. பிறகு மெஷினை மறுபடி கிளப்பி, டிஸ்கைச் சரிபார்ப்பது போல ஒரு பொய்த் திரையைக் காட்டும். பார்ப்பவர் பொறுமையாகக் காத்திருப்பார், பின்னால் அது பூட்டிக்கொண்டிருக்கும். பழைய மெஷினில் டூயல் பூட் செய்தால் நம்ம உபுண்டு பட்டியலைக் காட்டும் கிரப் நிரலும் அந்த முதல் செக்டாரில்தான் உட்கார்ந்திருக்கும்.

புது மெஷின்களில் யூஇஎஃப்ஐ என்ற முறை. அதில் இஎஃப்ஐ பார்டிஷன் என்று சின்னதாக ஒரு பகுதி. விண்டோஸைக் கிளப்பும் ஃபைலும் லினக்ஸைக் கிளப்பும் ஃபைலும் அங்கே பக்கத்துப் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும். ஒண்டுக்குடித்தன வீட்டில் ரெண்டு குடும்பத்துச் சாவியும் ஒரே ஆணியில் தொங்குகிற மாதிரி. அந்தப் பகுதி ஃபேட் வகை. யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று எழுதி வைக்க அந்த வகையில் இடமே கிடையாது. கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுவதற்கு செக்யூர் பூட் என்று ஒரு காவல் இருக்கிறது. லினக்ஸ் ஏற்றப் போகிறோம் என்றதும் எல்லாரும் முதலில் சொல்வது, "செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு." நாங்களும் ஆஃப் செய்துதான் ஏற்றினோம். ஏற்றின பிறகு ஆன் செய்ய மறந்துவிட்டோம். மறந்தோம் என்பதைவிட, கிளம்புவதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டோம் என்பதுதான் உண்மை. உபுண்டு, ஃபெடோரா எல்லாம் அது ஆன் இருக்கும்போதே ஏறும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காவலும் குறையில்லாதது இல்லை. 2020 ஜூலையில் கிரப் நிரலில் பூட்ஹோல் என்ற ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். அது லினக்ஸ் உலகத்து நிரல். ஆனால் செக்யூர் பூட் அந்தக் கையெழுத்தை நம்பியதால், விண்டோஸ் மட்டும் இருக்கும் மெஷினில்கூட அந்தப் பழைய கிரப்பைக் கொண்டுவந்து வைத்து உள்ளே நுழைய வழி இருந்தது. இப்படிப்பட்ட பழைய கிரப்களைத் தடுக்கிறேன் என்று 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் விட்டது. டூயல் பூட் மெஷின்களில் அது ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ஏறிவிட்டது. பலருக்கு லினக்ஸ் கிளம்பாமல் நின்றது. ஒரு வீட்டுக்காரர் பூட்டு மாற்றினால் இன்னொருவர் வெளியே நிற்கிறார். ஒரே வாசல் இருந்தால் இதுதான் நடக்கும்.

"லினக்ஸில் வைரஸ் வராது" என்ற வாக்கியத்தையும் விட்டுவிடக் கூடாது. 2016-ல் மிராய் என்ற கெட்ட மென்பொருள் பிடித்ததெல்லாம் லினக்ஸ் ஓடும் கேமராக்களும் ரவுட்டர்களும்தான். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அது நேராக உள்ளே போனது. அதே 2016-ல் பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, மின்ட் 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். அன்று அந்த இணைப்பில் போய் இறக்கியவர்களுக்குக் கிடைத்தது பின்வாசல் வைத்த லினக்ஸ். வைரஸுக்குப் பயந்து லினக்ஸுக்கு மாறியவர் வைரஸோடு சேர்த்தே ஏற்றியிருப்பார்! இறக்கிய ஃபைலின் சரிபார்ப்பு எண்ணை, ஷா256 என்பார்கள், ஏற்றும் முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் ஒப்பிட்டோமா என்று கேட்காதீர்கள். ஒரு நண்பனின் அண்ணன் கொடுத்த பென் டிரைவிலிருந்து ஏற்றினோம்.

எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது பூட்கிட்டி. 2024 நவம்பரில் ஈசெட் நிறுவனம் இதைப் பற்றி எழுதியது. யூஇஎஃப்ஐ வழியாக லினக்ஸ் கிளம்பும்போதே கூட ஏறிக்கொள்ளும் முதல் பூட்கிட் என்றார்கள். பிறகு பார்த்தால், அது தென்கொரியாவில் ஒரு பயிற்சித் திட்டத்தில் சைபர் பாதுகாப்பு படிக்கும் மாணவர்கள் செய்து பார்த்த புராஜெக்ட்! கெடுதல் செய்யச் செய்தது இல்லை, முடியும் என்று காட்டச் செய்தது. மாணவர்களுக்கே முடியும் என்றால் மற்றவர்களுக்கும் முடியும்.

இன்னொரு பிரச்சினை ரொம்பச் சாதாரணமானது, நம்ம லேபில் இப்போதும் இருப்பது. ரெண்டு இயக்க அமைப்பு இருந்தால் ஒன்றைத்தான் தினமும் திறப்போம். மற்றது கிடக்கும். கிடப்பதற்கு அப்டேட் வராது. மாதத்துக்கு ஒருமுறை பிரின்ட் எடுக்க மட்டும் திறக்கும் விண்டோஸ், அந்த ஒரு மணி நேரம் பழைய ஓட்டைகளோடு நெட்டில் நிற்கிறது. அப்டேட் முடிவதற்குள் மணி அடித்துவிடும், ஆஃப் செய்துவிடுகிறோம். அதிலும் நம்ம மெஷினில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டில் அந்தப் பழைய விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. மேலே எத்தனை புது லினக்ஸ் ஏற்றினாலும் பக்கத்தில் கிடக்கும் அந்த விண்டோஸ் புதுசாகாது.

இதைச் சொன்னதும் ரெண்டு கட்சி கிளம்பிவிட்டது. "தலைவலியே வேண்டாம், லினக்ஸை எடுத்துடு" என்று சிலர். "விண்டோஸைத் தூக்கிப் போடு" என்று என் நண்பர்கள். எனக்கு ரெண்டும் சம்மதம் இல்லை. பாடத்தில் ரெண்டும் இருக்கிறது, பிரின்டருக்கு விண்டோஸ் வேண்டும். அதோடு டூயல் பூட்டில் நல்லதும் உண்டு. விண்டோஸ் ஓடும்போது தன்னை ஒளித்துக்கொள்ளும் வைரஸால், விண்டோஸ் ஓடாதபோது ஒளிய முடியாது. லினக்ஸில் கிளாம்ஏவி என்ற இலவச ஸ்கேனரை ஓட்டினால் விண்டோஸ் பகுதியைப் படுக்க வைத்துப் பரிசோதிக்கலாம். விண்டோஸை முழுசாக ஷட்டவுன் செய்திருக்க வேண்டும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் இருந்தால் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அப்போது லினக்ஸ் அந்தப் பகுதியில் எழுதினால் ஃபைல் கெடும். இதையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். மூலையில் ரிப்பேராகிக் கிடந்து சரியான அந்த மெஷினில் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு மட்டும் வைப்போம். வெளியிலிருந்து வரும் எந்த பென் டிரைவும் முதலில் அங்கே போய் ஸ்கேன் ஆகட்டும். அங்கிருந்து தேவையான ஃபைலை மட்டும் எடுப்போம், என்னை மாதிரி மொத்தமாக அள்ள வேண்டாம். மற்ற மெஷின்களில் செக்யூர் பூட்டை ஆன் செய்வோம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒரு வரிசைக்கு விண்டோஸ், ஒரு வரிசைக்கு உபுண்டு என்று மாற்றி மாற்றி அப்டேட் போடுவோம். பிளஸ் ஒன் பசங்க முறை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸ் 10-ஐ என்ன செய்வது என்பது தலைமையாசிரியர் முடிவு செய்ய வேண்டியது, காசு சம்பந்தப்பட்டது. அது முடிவாகும் வரை விண்டோஸ் பக்கம் நெட்டை நிறுத்தி வைத்து, பிரின்ட்டுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. அப்படி நிறுத்தினால் வெள்ளிக்கிழமை வேலையும் பாதியாகும். ஆசிரியர்களின் ஃபைல்களுக்குத் தனியாக ஒரு காப்பி வேண்டும், அது எந்த மெஷினிலும் சொருகியே இருக்கக் கூடாது.

அட்டையை சாரிடம் சொல்லி நானே எடுத்துவிடுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பயாலஜி டீச்சருடைய பென் டிரைவை வாங்கி வைத்திருக்கிறேன். ஃபார்மேட் செய்த பிறகு டீச்சர் அதில் புதிதாக எதுவும் போடவில்லை, அதனால் தப்பித்தோம். லினக்ஸிலேயே ஓடும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை வைத்து நிறைய ஸ்லைடுகளை மீட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றிலும் பழைய பேர் இல்லை, எல்லாம் வெறும் எண்களாக வந்திருக்கின்றன. எது செல், எது சிறுநீரகம் என்று எனக்குத் தெரியவில்லை. வர்ற சனிக்கிழமை காலை 10 மணிக்கு பயாலஜி குரூப்பிலிருந்து ரெண்டு பேர் லேபுக்கு வந்தால் திறந்து பார்த்துப் பேர் வைத்துவிடலாம். வருகிறவர்கள் பென் டிரைவ் கொண்டுவர வேண்டாம்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல் பிரிவு மாணவன்